அரைக்கும் வேலை வாய்க்கு வந்தது: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் திட உணவு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைச் சுற்றி இரண்டு விதமான ஆலோசகர்கள் கூடுவார்கள். முதல் வகையினர் தட்டோடு வருவார்கள். "இத்தனை நாளாக வெறும் தண்ணீரா? உடம்பில் தெம்பு வேண்டாமா? இரண்டு வாய் சாப்பிடு" என்பார்கள். இரண்டாம் வகையினர் உச்சுக்கொட்டுவார்கள். "வயிற்றையே வெட்டி எடுத்தாயிற்று, இனிமேல் காலம் முழுக்கக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான்." சிகிச்சை செய்துகொண்டவரோ இரு தரப்பையும் நம்பி, காலையில் துணிந்து மாலையில் பயப்படுகிறார்.

இருவர் சொல்வதும் தவறு. இரண்டு தவறும் ஒரே எண்ணத்திலிருந்து பிறப்பவை. இரைப்பை வெறும் ஒரு பை, அதைச் சிறிதாக்கிவிட்டார்கள், அதனால் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பை சிறிதானது உண்மைதான். ஆனால் திட உணவை ஏன் முதலில் தள்ளிப்போடச் சொல்கிறார்கள், பிறகு அதையே ஏன் வற்புறுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு அளவை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. இரைப்பை என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொடங்குமுன் ஒன்று. கீழே வரும் வாரக்கணக்குகள் பொதுவானவை. மருத்துவக் குழுவுக்குக் குழு மாறும். உங்கள் கையில் கொடுத்தனுப்பிய தாளில் வேறு கணக்கு இருந்தால், உங்களுக்கு அந்தக் கணக்குதான்.

## கிடங்கு, திருகை, சல்லடை

இயல்பான இரைப்பை மூன்று வேலை பார்க்கிறது. மேல்பகுதி ஒரு கிடங்கு. உணவு இறங்க இறங்க அது தளர்ந்து இடம் கொடுக்கும். ஊதிய பலூனைப் போல விறைத்து நிற்காமல், துணிப்பையைப் போல இணங்கிப் போகும். அதனால்தான் ஒரு லிட்டர் அளவுக்கு உள்ளே போன பிறகும் நமக்கு அழுத்தம் பெரிதாகத் தெரிவதில்லை.

கீழ்ப்பகுதி திருகை. அங்கே தசைச்சுவர் தடித்தது. நிமிடத்துக்குச் சுமார் மூன்று முறை சுருங்கி, உணவை முன்னும் பின்னும் மோதவிட்டு நொறுக்குகிறது. அதற்கும் கீழே, சிறுகுடலுக்குப் போகும் வாசலில், வளையமாக ஒரு தசை இருக்கிறது. பைலோரஸ் என்று பெயர். அதுதான் சல்லடை. ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியான துகள்களைத்தான் அது எளிதில் வெளியே விடும். பெரிய துண்டு வந்தால் திருகைக்கே திருப்பி அனுப்பும்.

திரவத்துக்கு இந்தச் சோதனை கிடையாது. குடித்த நீர் உடனே வழிந்து இறங்கத் தொடங்கிவிடும். திட உணவோ முதலில் சிறிது நேரம் அரைபட்டுக் காத்திருந்துவிட்டுத்தான் நகரும். திரவம், திடம் என்று மருத்துவர்கள் பிரித்துப் பேசுவதற்கு வேர் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்த ஒருவர் உண்டு. 1822இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிச் சூடு பட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைக்குள் போகும் துளை ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. அவருக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே உள்ளே விட்டு, வெளியே இழுத்துப் பார்த்து, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். இந்த ஆராய்ச்சியில் செயின்ட் மார்ட்டினுக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை போலும். நடுவில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போமண்ட் கண்டு சொன்னவற்றில் ஒன்று நமக்கு முக்கியம்: துண்டு எவ்வளவு சிறியதோ, நார் எவ்வளவு மென்மையானதோ, உணவு அவ்வளவு எளிதாகச் செரிக்கிறது.

## கத்தி எதை எடுக்கிறது, எதை விடுகிறது

இன்று மிகுதியாகச் செய்யப்படுபவை இரண்டு முறைகள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை, சில சமயம் அதற்குச் சற்று மேலும், நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்; நூறு, நூற்றைம்பது மில்லிலிட்டர் கொள்ளும். எடுக்கப்பட்டதில் பெரும்பகுதி கிடங்கு. திருகையில் பெரும்பகுதியும் சல்லடையும் உள்ளேயே இருக்கின்றன.

திருகைதான் இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று தோன்றலாம். கவலை இடத்தைப் பற்றியது. இணங்கிப்போகும் துணிப்பை போய், விரிந்து கொடுக்காத ஒரு குழாய் வந்திருக்கிறது. அதில் ஒரு கவளம் கூடுதலாக இறங்கினாலும் அழுத்தம் சட்டென்று ஏறும். குழாய் நடுவில் ஒரு வளைவும் உண்டு. சரியாக மெல்லாத துண்டு அங்கே வந்து நின்றுவிடக்கூடும்.

பைபாஸ் முறை வேறு. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லிலிட்டர் மட்டும் கொள்ளும் சிறு பையைப் பிரித்தெடுத்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். 30 மில்லிலிட்டர் என்பது இரண்டு மேசைக்கரண்டி. எஞ்சிய இரைப்பை உடலுக்குள்ளேயே இருக்கும், சாறு சுரக்கும், அந்தச் சாறு கீழே குடலில் போய்ச் சேரும். ஆனால் உணவு அந்த வழியே போவதில்லை. ஆக, உணவு போகும் பாதையில் கிடங்கும் இல்லை, திருகையும் இல்லை, சல்லடையும் இல்லை. பைக்கும் குடலுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் இணைப்பு வாய் இருக்கிறது. அதன் வழியே எது புகுமோ அதுதான் உணவு.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: ஸ்லீவில் கிடங்கு போகிறது, பைபாஸில் மூன்றுமே பாதையிலிருந்து விலகுகின்றன. இரண்டிலும் பெரிய துண்டைக் காத்துவைத்து அரைத்துக்கொள்ளும் வசதி முன்போல் இல்லை. அந்த வேலையை இனி வேறொருவர் பார்க்க வேண்டும். உடலில் அதற்குத் தகுதியுள்ள ஆள் ஒருவர்தான் இருக்கிறார்: பற்கள்.

## காரை காயும் வரை

பற்களிடம் இன்றே வேலையை ஒப்படைத்துவிட்டால் என்ன? நன்றாக மென்றே சாப்பிட்டுவிடுகிறேன் என்று முதல் வாரத்திலேயே கேட்பவர்கள் உண்டு. அதற்கு இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதல் தடை, தையல். வெட்டிய விளிம்புகளை டைட்டானியத்தாலான மிகச்சிறிய ஸ்டேப்பிள்களால் வரிசையாகப் பிணைக்கிறார்கள். காகிதத்தை ஸ்டேப்பிள் போட்டால் வேலை முடிந்தது. உயிருள்ள திசுவில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. ஸ்டேப்பிள் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். ஒட்டுவது உடலின் பொறுப்பு. கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரந்து, இரு விளிம்புகளுக்கும் நடுவே பின்னி, உடல் அதைச் செய்கிறது. முதல் சில நாட்களில் இந்தப் பின்னல் அநேகமாக இல்லை. சுமை முழுவதும் ஸ்டேப்பிள்கள் மேல்தான். புதிதாகக் கட்டிய சுவர் நிமிர்ந்து நிற்கும், ஆனால் காரை காயாமல் அதில் யாரும் சாய்ந்து உட்காருவதில்லை. இங்கும் அப்படித்தான். அந்தச் சமயத்தில் உள்ளே அழுத்தம் ஏறினாலோ, கடுமையாக வாந்தி எடுத்தாலோ, சேர்த்த இடத்துக்கு அது நல்லதல்ல. சேர்த்த இடம் எங்காவது விட்டுக்கொடுத்து, உள்ளிருப்பது வயிற்றறைக்குள் ஒழுகுவதைக் கசிவு என்கிறார்கள். அடிக்கடி நேர்வதில்லை, நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது தடை, வீக்கம். கை விரல் வெட்டுப்பட்டால் சுற்றிலும் தடித்துப்போகிறதல்லவா, உள்ளேயும் அதுவே நடக்கிறது. ஏற்கெனவே குறுகலான வழி, வீக்கத்தால் இன்னும் குறுகிவிடும். அறுவை முடிந்த மறுநாள் ஒரு மிடறு தண்ணீர்கூட நெஞ்சில் நின்று நின்று இறங்குவதாகப் பலர் சொல்வது இதனால்தான். வாரங்கள் போகப் போக வீக்கம் வடியும்.

திரவ உணவுக் காலம் எடையைக் குறைப்பதற்கான பட்டினி என்று நினைப்பவர்கள்தான் திருட்டுத்தனமாக ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு வாயால் எடை கூடிவிடாதே என்பது அவர்கள் வாதம். எடைக்கு அந்த ஒரு வாயால் ஒன்றும் ஆகாதுதான். தையல் ஆறட்டும் என்றுதான் அவர்களைக் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

## படிகள்

படிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் ஓரிரு நாட்கள் கண்ணாடி போன்ற தெளிந்த திரவங்கள். பிறகு இரண்டாம் வார இறுதி வரை பால், வடிகட்டிய சூப், புரதப் பொடி கலந்த பானம் போன்றவை. மூன்றாம், நான்காம் வாரங்களில் மசித்த உணவு. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் மென்மையான உணவு. ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குப் பின் படிப்படியாக வழக்கமான திட உணவு.

மசித்தது என்றால் எவ்வளவு, மென்மை என்றால் எவ்வளவு என்பதில்தான் குழப்பம். எனக்குத் தெரிந்த எளிய சோதனை இது. ஸ்பூனைச் சாய்த்தால் கட்டியே இல்லாமல் வழுக்கி விழுந்தால் அது மசித்த உணவு. ஸ்பூனின் விளிம்பால் அழுத்தினால் கத்தி இல்லாமலே பிளந்துகொண்டால் அது மென்மையான உணவு. பிளக்கக் கத்தி வேண்டியிருந்தால், அது அடுத்த படிக்கு உரியது.

எல்லாப் படியிலும் புரதம் முதலில் என்பார்கள். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. காரணம் எளிது. தையலில் பின்னப்படும் கொலாஜனே புரதம்தான். அதோடு, எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். போதிய புரதம் வந்தால் தசை இழப்பு குறையும். வயிற்றில் இடம் இவ்வளவு குறைவு என்னும்போது, முதல் சில வாய்களுக்குள்ளேயே புரதம் உள்ளே போயிருக்க வேண்டும்.

## முதல் திடக் கவளம்

தாளில் "ஏழாம் வாரம்: திட உணவு" என்று எழுதியிருக்கும். அந்த நாள் வந்ததும் கதவு திறந்துவிட்டதாக நினைத்துவிடுவதுதான் மனித இயல்பு. என் அத்தைக்கு இந்த அறுவை நடந்தபோது இதை நேரிலேயே பார்த்தேன். ஏழு வாரம் சொன்னதைச் சொன்னபடி கேட்டவர், முதல் நாள் வாட்டிய கோழித் துண்டு ஒன்றை ஆசையாக எடுத்தார். இரண்டாவது வாயில் முகம் மாறியது. நெஞ்சுக்குள் கல் நிற்பதுபோல் இருக்கிறது என்றார். வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாக வந்தது. தையல் பிரிந்துவிட்டது என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். தையல் பிரியவில்லை. காய்ந்த இறைச்சியின் நார் இணைப்பு வாயில் வந்து நின்றுவிட்டது. உடம்பு அதை வழுக்கி இறக்கப் பார்த்து எச்சிலைச் சுரந்துகொண்டே இருந்தது. முக்கால் மணி நேரத்தில் சரியானது.

அன்று நான் கற்றுக்கொண்டது: உணவின் பெயரைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது, பதத்தைக் கேட்க வேண்டும். "கோழி சாப்பிடலாமா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. கொத்திய கறியைச் சாறோடு வேகவைத்தால் அது எளிதாக இறங்கும் கோழி. எண்ணெயில்லாமல் வாட்டி, ஆறவைத்து, மறுநாள் சூடாக்கினால் அதே கோழி கயிறாகிவிடும். குழைவாகக் கிளறிய முட்டை ஒரு பொருள், அதிக நேரம் வெந்து ரப்பரான முட்டை வேறு பொருள். மீன் பெரும்பாலோருக்கு ஒத்துப்போவதற்குக் காரணம், அதன் நார் குட்டையானது, தானாக உதிர்வது.

ரொட்டி பலரை ஏமாற்றும். பார்க்க மென்மையாக இருக்கும், பல்லில் தடையே தெரியாது. ஆனால் எச்சிலோடு சேர்ந்ததும் பிசைந்த மாவாகி உருண்டையாகத் திரளும். அந்த உருண்டைக்குக் குறுகிய வாசலில் மூடி போன்ற வேலை. அதே ரொட்டியை மொறுமொறுப்பாக வாட்டினால் பொடிந்து இறங்கிவிடும். ஒட்டும் பதத்தில் வெந்த சோறும் ரொட்டியைப் போலத்தான் நடந்துகொள்ளும். பழத்தோல், ஆரஞ்சுச் சுளையின் மேல்சவ்வு, காய்களின் தண்டு நார் இவையெல்லாம் எவ்வளவு மென்றாலும் கரையாமல் கயிறாகச் சுருளும் வகை, கடைசியில் வரட்டும்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்ற பழமொழியைச் சிறுவயதில் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்போம். வயதைப் பற்றி எனக்குத் தெரியாது. நொறுங்குவது பற்றி மட்டும் அதில் பெரிய நியாயம் இருக்கிறது. ஒரு கவளத்தை இருபது, முப்பது முறை மெல்லச் சொல்கிறார்கள். எண்ணிக்கொண்டே இருந்தால் சாப்பாடு கணக்குப் பாடமாகிவிடும். எண்ணிக்கைக்குப் பதிலாக நாக்கைக் கேட்கலாம்: நாக்கால் தடவினால் துண்டு தட்டுப்படுகிறதா, இல்லையா? தட்டுப்பட்டால் இன்னும் மெல்ல வேண்டும். எவ்வளவு மென்றும் கரையாத சக்கையைத் துப்பிவிடலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பல் இல்லாதவர்களும் பல்வலி உள்ளவர்களும் அறுவைக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

புதிய உணவைச் சோதிக்கும் முறையும் இதோடு சேர்ந்தது. ஒரு வேளைக்கு ஒரு புதிய பொருள் மட்டும். இரண்டு மூன்று சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. பகலில், வீட்டில், அவசரமில்லாத வேளையில் ஓரிரு ஸ்பூன். சிறிய ஸ்பூன் உதவும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். ஒரு வேளை உணவு இருபது முப்பது நிமிடத்தில் முடிந்துவிடட்டும். அதற்கு மேல் இழுத்தால் அது சாப்பாடாக இருக்காது, கொறிப்பாக மாறும்; உணவும் ஆறிக் காய்ந்து கடினமாகும். இன்று ஒத்துவராத பொருளுக்கு நிரந்தரத் தடை போட வேண்டியதில்லை. இரண்டு வாரம் கழித்து, இன்னும் சாறோடு செய்து, மறுபடி பார்க்கலாம்.

நிறைவு என்ற உணர்வும் இடம் மாறியிருக்கும். முன்பு வயிறு முட்டியபோது தெரிந்த அறிகுறிகளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். இப்போது அது நெஞ்செலும்புக்குப் பின்னால் லேசான அழுத்தமாக வரும். சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர், சிலருக்குத் தும்மல், சிலருக்குக் காரணமே இல்லாமல் ஒரு பெருமூச்சு. அந்த அறிகுறியோடு நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு வாய்தானே" என்று போட்ட அந்த ஒரு வாய்தான் வெளியே வரும். தட்டைக் காலி செய்தே பழகியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம் என்று நினைக்கிறேன்; உடம்பு ஆறு வாரத்தில் ஆறிவிடுகிறது, தட்டைப் பற்றிய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை.

உணவு நின்றுவிட்டால், தண்ணீர் விட்டு இறக்கப் பார்க்கக் கூடாது. அடைத்த குழாயில் மேலிருந்து நீர் ஊற்றினால் நீரும் மேலேயே நிற்கும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து அல்லது மெதுவாக நடந்து, ஊறும் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தானே இறங்கும், அல்லது வெளியே வந்துவிடும்.

ஆக, இந்தக் கட்டத்தில் தினமும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இது ஈரமாக இருக்கிறதா? நார் குட்டையா? நான் முழுமையாக மென்றேனா?

## தண்ணீருக்குத் தனி நேரம்

சாப்பிடும்போது குடிக்காதீர்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்பார்கள். சிறிய இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போடக் கூடாது என்பது காரணம். உணவின் மேல் நீரும் சேர்ந்தால் அழுத்தமும் குமட்டலும் வரும். அல்லது நீர் இடத்தைப் பிடித்துக்கொண்டு புரதம் வெளியே நிற்கும்.

இதனால் தண்ணீரே மறந்துபோகும் ஆபத்து இருக்கிறது. நாளுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் தேவை. மடக் மடக்கென்று குடிக்க இனி முடியாது. மணிக்கு நூறு மில்லிலிட்டர் என்று மிடறு மிடறாகக் குடித்தால் பதினைந்து மணி நேரம் ஆகும். விழித்திருக்கும் நேரமெல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் பாட்டில் இருக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே புரியும். முதல் வாரங்களில் மருத்துவமனைக்குத் திரும்பிவருபவர்களில் பலர் வருவது, உடலில் நீர் வற்றிப்போனதால்தான். வாயு நிறைந்த குளிர்பானங்கள் வேண்டாம். விரிய இடமில்லாத பையில் வாயு செய்யும் வேலை வலி மட்டுமே.

குடித்ததை அளந்து பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 30 மில்லிலிட்டர் பையுள்ள ஒருவர் அரை மணி நேரத்தில் நூறு மில்லிலிட்டர் குடித்துவிட்டால் பை கிழிந்துவிடாது. குடிக்கக் குடிக்க நீர் கீழே வழிந்துகொண்டே இருக்கிறது.

## டம்பிங் என்ற படபடப்பு

சல்லடை இல்லாத பாதையில், முக்கியமாக பைபாஸில், இனிப்பு மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழும். செறிந்த சர்க்கரைக் கரைசல் சுற்றியுள்ள நீரைத் தன்பக்கம் இழுக்கும். ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாயும். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி, படுத்தால் தேவலை என்ற சோர்வு. இதைத்தான் டம்பிங் என்கிறார்கள். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரண்டாம் வகை வரும்: வேகமாக ஏறிய சர்க்கரையை எதிர்கொள்ள இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை சட்டென்று கீழே விழும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம், குறைவாக. இதைத் தண்டனையாகவோ ஒவ்வாமையாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். இனிப்புப் பானத்தை விட்டு, புரதமும் நாரும் உள்ள திட உணவுக்கு மாறினாலே பெரும்பாலோருக்கு அடங்கிவிடும்.

## மென்மையிலேயே தங்கிவிடும் ஆபத்து

இப்போது இரண்டாம் வகை ஆலோசகருக்கு வருவோம். திட உணவு ஒருமுறை நெஞ்சில் நின்றுவிட்டால் பலர் பயந்து மசித்ததிலேயே தங்கிவிடுகிறார்கள். அது பாதுகாப்பு என்று நினைப்பு. சில மாதங்கள் போனபின் எடை இறங்குவது நின்றுபோனதாக வருந்துவார்கள்.

காரணம் பழைய திருகைக் கதையில் இருக்கிறது. நன்றாக மென்ற திடப் புரதம் சிறிய பையில் சிறிது நேரம் தங்கும், சுவரை மெல்ல அழுத்தும், "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போகும். இந்த அறுவை அந்தச் செய்தியை முன்கூட்டியே அனுப்பத்தான் செய்யப்பட்டது. ஐஸ்கிரீம், சிப்ஸ், பிஸ்கட், சாக்லேட் போன்றவை வாயிலேயே கரைந்து, வாசலில் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். பை நிறைவதே இல்லை, செய்தியும் போவதில்லை. சிறிய இரைப்பையோடு பெரிய அளவு கலோரி சாப்பிட முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: வழுக்கும் உணவாக இருந்தால் முடியும். நெஞ்சில் நிற்காமல் இறங்குகிறது என்பதாலேயே ஓர் உணவை நல்லது என்று எடுத்துக்கொண்டால் இங்கேதான் வந்து சேர்வோம்.

பசியை நம்பியும் நடக்க முடியாது. கிரெலின் என்ற பசி ஹார்மோனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டறிந்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில், அதாவது ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படும் அதே கிடங்கில். அதனால் முதல் மாதங்களில் பசியே எடுக்காமல் இருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

வைட்டமின் மாத்திரைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை இந்த அளவு உணவிலிருந்து போதிய அளவில் கிடைக்காது; பைபாஸில் உறிஞ்சப்படுவதும் குறையும். திட உணவு நன்றாகப் பழகிய பிறகும் அவற்றை நிறுத்தக் கூடாது. ஆயுள் முழுக்க உண்டு.

## எப்போது தாமதிக்கக் கூடாது

முதல் வாரங்களில் காய்ச்சல், ஓய்விலும் அடங்காத வேகமான நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நிற்காத வாந்தியும் அலட்சியம் செய்யக் கூடாதது. தயமின் என்ற வைட்டமின் பி1 உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் இருப்பு இருக்கும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம், குழப்பம் என்று வெளிப்படும். நேரத்தில் தயமின் கொடுத்தால் தடுக்கலாம், தவறினால் பாதிப்பு நிலைத்துவிடலாம். ஒரு நாள் முழுக்கத் திரவம்கூட உள்ளே தங்கவில்லை என்றால் அழைத்துப் பேசுங்கள்.

மூன்றாவது, இணைப்பு வாயோ குழாயோ தழும்பேறிக் குறுகிப்போவது. பைபாஸில் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் இது தலைகாட்டும். அடையாளம், படிகளில் பின்னோக்கி இறங்குவது. சென்ற வாரம் மென்மையான உணவு போனது, இந்த வாரம் மசித்தது மட்டும்தான் போகிறது, இரண்டு நாளாகத் திரவமே சிரமம் என்றால், மெல்லுவதில் குறை தேட வேண்டாம். எண்டோஸ்கோபி வழியே சிறு பலூனை விட்டு விரித்து இதைச் சரிசெய்ய முடியும். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேவைப்படும்.

அத்தையின் கோழி இந்தக் கணக்கில் வரவில்லை. ஒரே ஒரு முறை நின்றது, அன்று மாலையே திரவம் எப்போதும்போல இறங்கியது. தொலைபேசியில் கேட்டபோது, இரண்டு நாள் ஒரு படி கீழே போய் மசித்த உணவு எடுத்துக்கொண்டு திரும்பவும் ஏறுங்கள் என்றார் உணவியல் நிபுணர். மூன்றாம் நாள் வேகவைத்த மீனில் தொடங்கினார். கோழிக்குத் திரும்ப ஒரு மாதம் ஆனது. இம்முறை கொத்தி, சாறோடு.